சூப்பர்மேனும் ஸ்பைடர்மேனும் ஒரே புத்தகத்தில்! அவிநாசிபாளையம் ரசிகரின் தீர்ப்பு என்ன?

கோவையில் இருந்து திருச்சிக்குப் போகும் சாலையும், திருப்பூரில் இருந்து தாராபுரத்துக்குப் போகும் சாலையும் ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்ளும் இடம் அவிநாசிபாளையம். காலை நேரத்தில் அந்த நாற்சந்தியில் நின்றால் பனியன் கம்பெனி வேன்கள் வரிசையாக வருவதைப் பார்க்கலாம். சாப்பாட்டுப் பையும் கையுமாக ஆண்களும் பெண்களும் ஏறுவார்கள்.

அவர்களில் ஒருவர் பையில் மட்டும் சாப்பாட்டுடன் ஒரு சித்திரக் கதைப் புத்தகமும் இருக்கும். அவருக்கு வயது 52. பனியன் துணியில் படம் அச்சடிக்கும் பிரிண்டிங் பட்டறையில் அவர் மாஸ்டர். கூட வேலை செய்கிறவர்கள் அவரைக் "காமிக்ஸ் அண்ணன்" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

பத்திரிகையில் பெயரைப் போட வேண்டாம் என்கிறார் அவர். காரணம் வேடிக்கையானது. "பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரமுங்க. இந்த வயசுல பொம்மைப் புத்தகம் படிக்கிற மனுசன்னு பேசிக்குவாங்க" என்கிறார்.

பொம்மைப் புத்தகம்தான். ஆனால் அதைப் பற்றி அவர் சொல்கிற அபிப்பிராயங்கள் பொம்மை விளையாட்டு அல்ல.

சங்கதி இதுதான்: அமெரிக்காவில் சித்திரக் கதைக் கம்பெனிகளில் பெரியவை இரண்டு. ஒன்று டி.சி. சூப்பர்மேன், பேட்மேன் ஆகியோர் அதன் சொத்து. மற்றொன்று மார்வெல். ஸ்பைடர்மேன், அயர்ன்மேன், ஹல்க் ஆகியோர் அதன் சொத்து. இரண்டும் பல ஆண்டுகளாகப் போட்டிக் கம்பெனிகள்.

2025 செப்டம்பரில் மார்வெல் கம்பெனி ஒரு புத்தகம் வெளியிட்டது. அதில் மார்வெலின் டெட்பூலும் டி.சி.யின் பேட்மேனும் சந்தித்தார்கள். நவம்பரில் டி.சி. கம்பெனி தன் பங்குக்கு ஒன்று வெளியிட்டது. அதிலும் அதே இருவர்தான். அதற்குள் அடுத்த அறிவிப்பும் வந்துவிட்டது. சூப்பர்மேனும் ஸ்பைடர்மேனும் சந்திப்பார்கள் என்பது அந்த அறிவிப்பு. ஆண்டு 2026 என்று இரு கம்பெனிகளும் சொல்லின.

வேறு வேறு கதைகளின் வீரர்கள் ஒரே கதையில் இப்படிச் சந்திப்பதற்கு 'கிராஸ்ஓவர்' என்று பெயர். தமிழில் சந்திப்புக் கதை என்று சொல்லிக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டுக்கு இது புதிது அல்ல. 2019-ல் வந்த 'கைதி' படத்தின் ஆட்கள் 2022-ல் வந்த 'விக்ரம்' படத்தில் தலை காட்டியபோது தியேட்டரில் விசில் பறந்ததே! அதே சரக்குதான்.

பட்டறை மாஸ்டருக்கு ஆங்கிலம் தடங்கல். திருப்பூரில் கல்லூரியில் படிக்கும் மகள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு செல்போனில் பக்கம் பக்கமாகக் காட்டி அர்த்தம் சொல்கிறாள். டெட்பூல் புத்தகத்தையும் அப்படித்தான் படித்து முடித்தார்.

"எப்படி இருந்தது?" என்று கேட்டதற்கு அவர் சொன்ன தீர்ப்பு:

"நல்லாத்தானுங்க இருந்துச்சு. சிரிச்சேன். ஆனா கல்யாண வீட்டுல பகையாளிக ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்ட மாதிரி இருக்குது. போட்டோ முடிஞ்சா அவங்கவங்க கார்ல ஏறிப் போயிருவாங்க."

இரண்டு லேபிள்

சந்திப்புக் கதை ஏன் இத்தனை அபூர்வம்? இதைப் பட்டறைக்காரர் விளக்குவது போலப் பேராசிரியர்கூட விளக்க முடியாது.

அவர் வேலை செய்யும் இடத்தில் பேட்மேன் சின்னமும் அச்சாகிறது. ஸ்பைடர்மேன் முகமும் அச்சாகிறது. வெளிநாட்டுக் குழந்தைகள் போடும் டி-ஷர்ட்டுகள் அவை. ஆனால் இரண்டும் ஒரே மேஜையில் அச்சாகக் கூடாது. ஒரு பார்ட்டியின் சரக்கு வேறு, மற்ற பார்ட்டியின் சரக்கு வேறு. ஒன்றின் லேபிள் இன்னொன்றில் ஏறிவிட்டால் மொத்த ஆர்டரும் திரும்பி வந்துவிடும். படத்துக்கு லைசென்ஸ் வேண்டும். வௌவால் சிறகு எத்தனை அங்குலம், சிவப்பு நிறம் எந்தச் சிவப்பு என்று காகிதத்தில் எழுதி வரும். அதை மீறி ஒரு கோடுகூட இழுக்க முடியாது.

"பேட்மேன் பெரிய வீரன்தானுங்க. ஆனா அவன் எங்கே நிக்கோணும், யாரோட நிக்கோணும்னு முடிவு பண்றது அவன் இல்லீங்க, முதலாளி" என்கிறார் அவர்.

இது வெறும் தமாஷ் அல்ல. சரித்திரமே அப்படித்தான் இருக்கிறது.

சூப்பர்மேனும் ஸ்பைடர்மேனும் முதன் முதலில் சந்தித்தது 1976-ல். இரண்டு கம்பெனிகளும் செலவைப் பங்கு போட்டு ஒரு பெரிய புத்தகம் அடித்தன. பிறகு 1983-ல் டி.சி.யின் வீரர் கூட்டமும் மார்வெலின் வீரர் கூட்டமும் சந்திக்கும் கதை தயாரானது. ஜார்ஜ் பெரெஸ் என்ற ஓவியர் 21 பக்கங்கள் வரைந்தும் விட்டார். கம்பெனிகளுக்குள் தகராறு. கதை அப்படியே நின்றது!

நின்ற கதை வேறு உருவத்தில் வெளிவந்தது 2003-ல். இருபது ஆண்டு! அப்போதும் பெரெஸ்தான் வரைந்தார். நான்கு பாகமாக வந்து 2004-ல் முடிந்தது. அதற்குப் பிறகு இரு கம்பெனி வீரர்களும் ஒரே புத்தகத்தில் சந்திக்க 2025 வரை, அதாவது 21 ஆண்டு, காத்திருக்க வேண்டியிருந்தது.

இடையில் ஒரு சம்பவம். 2022-ல் பெரெஸ் கடும் நோயில் படுத்திருந்தார். அந்தப் பழைய கதையை மறுபடி அச்சிட்டு, வசதி இல்லாத சித்திரக் கதைக் கலைஞர்களுக்கு உதவும் நிதிக்குக் கொடுக்க இரு கம்பெனிகளும் சம்மதித்தன. அச்சிட்டது 7,000 பிரதிகள் மட்டும். அந்த ஆண்டு மே மாதம் பெரெஸ் காலமானார்.

சினிமாவிலும் இதே கதைதான். ஸ்பைடர்மேனைப் படம் எடுக்கும் உரிமை சோனி கம்பெனியிடம் இருக்கிறது. அவர் மற்ற மார்வெல் வீரர்களுடன் 2016-ல் திரையில் தோன்றியதற்குக் காரணம், அதற்கு முந்தின ஆண்டு இரண்டு கம்பெனிகளும் போட்ட ஒப்பந்தம். பறந்து வந்தது ஸ்பைடர்மேன். கையெழுத்துப் போட்டவர்கள் கோட்டுப் போட்ட கனவான்கள்.

முதலாளி யார் என்பதில் இன்னும் ஒரு கசப்பு உண்டு. சூப்பர்மேனைப் படைத்தவர்கள் ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரண்டு வாலிபர்கள். 1938-ல் அவர்கள் அந்த வீரனை 130 டாலருக்கு விற்றுவிட்டார்கள். பிறகு கோர்ட்டுக்குப் போயும் பலிக்கவில்லை. முதுமையில், 1975-ல், பத்திரிகைகளில் விஷயம் வெளியாகிப் பெரும் கூச்சல் கிளம்பியது. அதன் பிறகுதான் ஆண்டுக்கு ஆளுக்கு 20,000 டாலர் உதவித் தொகை கிடைத்தது. புத்தகத்தில் பெயர் போடவும் சம்மதித்தார்கள்.

இந்த சீகலுக்கும் கொங்கு நாட்டுப் பையன்களுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. பலருக்குத் தெரியாது.

சிவகாசி செய்த வேலை

1972 ஜனவரியில் சிவகாசியில் இருந்து 'முத்து காமிக்ஸ்' வெளிவந்தது. தொடங்கியவர் சௌந்திரபாண்டியன். ஆசிரியர் முல்லை தங்கராசன். முதல் புத்தகம் 'இரும்புக்கை மாயாவி'.

அந்த மாயாவி இங்கிலாந்துக்காரர். 1962-ல் 'வேலியன்ட்' என்ற வாரப் பத்திரிகையில் பிறந்தவர். வலது கை போய்விட்டது. அதற்குப் பதில் இரும்புக் கை. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார். இரும்புக் கை மட்டும் மறையாது! அந்தரத்தில் ஒரு கை மிதந்து வரும். வரைந்தவர் ஜீசஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின் நாட்டு ஓவியர். அந்தக் காலத்து இங்கிலாந்துப் பத்திரிகைகளில் ஓவியர் பெயர் போடும் வழக்கமே பெரும்பாலும் இல்லை.

1984 ஜூலையில் சிவகாசியிலேயே 'லயன் காமிக்ஸ்' பிறந்தது. ஆசிரியர் எஸ். விஜயன், சௌந்திரபாண்டியனின் மகன். அதே ஆண்டில் 'ராணி காமிக்ஸ்' வந்தது. ஜேம்ஸ்பாண்ட் அதில் தமிழ் பேசினார். பின்னாளில் முகமூடி வீரர் மாயாவியும் அதில் வந்தார். (இந்த மாயாவி வேறு, இரும்புக்கை மாயாவி வேறு. வீட்டில் யாராவது குழப்பினால் ரசிகருக்குக் கோபம் வந்துவிடும்.)

லயன் காமிக்ஸின் பெரிய நட்சத்திரம் ஸ்பைடர். ஸ்பைடர்மேன் அல்ல, ஸ்பைடர்! கூர்மையான காது, கறுப்பு உடை. நியூயார்க் நகரையே மிரட்டிய கொள்ளைத் தலைவன்; பிறகு நல்லவனாக மாறியவன். 1965-ல் இங்கிலாந்தில் தொடங்கிய இந்தக் கதையைச் சில காலத்துக்குப் பிறகு எழுதியவர் யார் தெரியுமா? 130 டாலருக்கு சூப்பர்மேனைப் பறிகொடுத்த அதே ஜெர்ரி சீகல்!

அமெரிக்காவில் வேலை இழந்தவர், இங்கிலாந்துப் பத்திரிகைக்கு எழுதினார். அது சிவகாசி வழியாகத் தமிழில் வந்தது. அவிநாசிபாளையத்துப் பையன் அதைப் பெட்டிக் கடையில் வாங்கினான்.

அப்போது அவருக்கு வயது 11. கடையில் கயிறு கட்டி அதில் புத்தகங்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். வாங்கக் காசு இல்லாத நாளில் அட்டையை மட்டும் பார்த்துவிட்டு வருவார். ஒருவன் வாங்கினால் எட்டுப் பேர் படிப்பார்கள். படித்து முடித்ததும் வாய்க்கால் மேட்டில் விவாதம்: மாயாவியும் ஸ்பைடரும் மோதினால் வெற்றி யாருக்கு?

"எந்தக் கம்பெனி வீரன்னு நாங்க கேட்டதே இல்லீங்க. எல்லாரும் சிவகாசிக்காரங்கன்னுதான் நினைச்சோம்" என்கிறார் அவர்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. இங்கிலாந்து மாயாவி, இத்தாலி டெக்ஸ் வில்லர், அமெரிக்க பேட்மேன் எல்லோரும் தமிழ்ப் பையனுக்கு ஒரே கயிற்றில் தொங்கினார்கள். எந்த ஒப்பந்தமும் இல்லாமல் அவன் மனசுக்குள் அவர்கள் தினமும் சந்தித்தார்கள். மேனாட்டு ரசிகன் 20 ஆண்டு காத்திருந்து வாங்கிய சந்திப்பு, இவனுக்கு வாய்க்கால் மேட்டில் இலவசமாகக் கிடைத்தது. அதனால்தான் இரண்டு வீரர்கள் சேர்ந்து நிற்பதை மட்டும் பார்த்து இவர் மயங்குவது இல்லை. சேர்ந்து நின்று என்ன செய்தார்கள் என்று கேட்கிறார்.

அனுமாரும் பீமனும்

ராமாயணத்து அனுமாரும் பாரதத்துப் பீமனும் சந்தித்த கதையை நம் வீட்டுப் பாட்டிமார் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். வழியில் ஒரு கிழக் குரங்கு படுத்திருக்கிறது. "வாலை நகர்த்திவிட்டுப் போ" என்கிறது. பீமனால் முடியவில்லை. பலசாலி என்ற கர்வம் அங்கேயே போய்விடுகிறது. பிறகுதான் அது தன் அண்ணன் அனுமார் என்று தெரிகிறது.

"இதுதானுங்க சந்திப்புக் கதை" என்கிறார் ரசிகர். "பீமன் வந்த மாதிரி திரும்பிப் போகலே. ஒண்ணை இழந்துட்டுப் போறான்."

மேனாட்டுச் சந்திப்புக் கதைகளில் பெரும்பாலும் இது நடப்பது இல்லை. முதலில் தவறான எண்ணத்தால் இருவரும் மோதுவார்கள். சண்டை சமமாக இருக்கும். பிறகு பொது எதிரி வருவான். கை கோத்துக்கொள்வார்கள். தன் வீரன் தோற்பதற்கு எந்த முதலாளி சம்மதிப்பார்?

1996-ல் இதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். இரு கம்பெனி வீரர்களையும் மோதவிட்டு, ஐந்து சண்டைகளின் முடிவை வாசகர்களின் ஓட்டுக்கு விட்டார்கள். பேட்மேன் கேப்டன் அமெரிக்காவை ஜெயித்தார். சூப்பர்மேன் ஹல்க்கை ஜெயித்தார். தோற்ற பழியை எந்த முதலாளியும் ஏற்க வேண்டியது இல்லை. வாசகன் தலையில் போட்டாயிற்று!

சாவுக்கும் அங்கே மதிப்பு குறைவு. 1992-ல் சூப்பர்மேன் இறந்தார். கடைகளில் கியூ நின்றது. 1993-ல் எழுந்து வந்துவிட்டார்.

ஒரே கம்பெனிக்குள் நடக்கும் சந்திப்புகள் இன்னும் மோசம் என்பது ரசிகரின் கட்சி. காரணம் பணம். 2006-ல் மார்வெல் 'உள்நாட்டுப் போர்' என்ற கதையை நடத்தியது. மூலக் கதை 7 இதழ்தான். ஆனால் அதன் கிளைகள் கம்பெனியின் மற்ற இதழ்களில் எல்லாம் ஓடின. முழுசாகத் தெரிய வேண்டுமானால் பல டஜன் இதழ் வாங்க வேண்டும். இன்று ஓர் இதழ் விலை 4 அல்லது 5 டாலர். நம் பணத்தில் 400 ரூபாய் அளவு. அதில் இருபது பக்கம் கதை. முடிவில் "தொடரும்"!

"எங்க பட்டறையில ஒரு சட்டைக்குக் கை ஒரு பெட்டியில, காலர் ஒரு பெட்டியில அனுப்பினா பார்ட்டி ஒத்துக்குவானுங்களா?" என்று கேட்கிறார். பதில் சொல்ல முடியவில்லை.

ஏழைப் பேட்மேன்

புதுசு எல்லாமே கெட்டது என்று சொல்லும் கிழவர் அல்ல அவர். இரண்டு புதிய தொடர்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்.

ஒன்று, 2024 அக்டோபரில் தொடங்கிய 'அப்சல்யூட் பேட்மேன்'. வழக்கமான பேட்மேன் கோடீசுவரர். மாளிகை உண்டு, சமையல்காரர் உண்டு, விசேஷக் கார் உண்டு. இந்தப் பேட்மேனுக்கு அது எதுவும் இல்லை. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அவர் கொலையுண்டார். தாயார் உயிருடன் இருக்கிறார். பையன் உழைத்துப் படித்து என்ஜினீயர் ஆனவன். ஆயுதங்களைத் தன் கையாலேயே செய்துகொள்கிறான்.

"பணக்காரன் ராத்திரி வேசம் போட்டுச் சண்டைக்குப் போனா அது பொழுதுபோக்குங்க. நாளைக்கு வேலைக்குப் போக வேண்டியவன் போனாத்தான் அது தியாகம்" என்பது அவர் வாதம்.

மற்றொன்று, 2024 ஜனவரியில் தொடங்கிய புதிய ஸ்பைடர்மேன் தொடர். அறுபது ஆண்டாக வாலிபனாகவே இருந்த ஸ்பைடர்மேன் இதில் குடும்பஸ்தர். மனைவி உண்டு. ஒரு மகன், ஒரு மகள். முப்பது வயதுக்கு மேல்தான் அவருக்குச் சக்தியே வருகிறது. மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று திண்டாடுகிறார். மகள் இந்தப் பக்கத்தை அர்த்தம் சொன்னபோது ரசிகரின் மனைவியும் அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாராம்.

இந்த இரண்டிலும் என்ன விசேஷம்? வீரனுக்கு இழப்பதற்கு ஏதோ இருக்கிறது. இரும்புக்கை மாயாவியிடம் அவர் கண்டதும் அதுதான். மறைய வேண்டுமானால் ஒவ்வொரு தடவையும் மின்சார அடி வாங்க வேண்டும். மறைந்த பிறகும் கை காட்டிக்கொடுத்துவிடும்.

சிறைக்குள் மாயாவி

சிறுவயதில் வாய்க்கால் மேட்டில் பேசிய அந்தச் சந்திப்பு, மாயாவியும் ஸ்பைடரும் ஒரே கதையில், நிஜமாகவே ஒரு தடவை நடந்திருக்கிறது.

2005-ல் தொடங்கி ஆறு இதழாக வந்த 'ஆல்பியன்' என்ற கதை அது. கதைக்கு வழி வகுத்தவர் புகழ்பெற்ற இங்கிலாந்து எழுத்தாளர் ஆலன் மூர். எழுதியவர்கள் அவர் மகள் லியா மூரும், மகளின் கணவர் ஜான் ரெப்பியனும். பழைய இங்கிலாந்து வீரர்கள் கற்பனை ஆட்கள் அல்ல, நிஜமாகவே வாழ்ந்தவர்கள் என்று கதை தொடங்குகிறது. அரசாங்கம் அவர்களுக்குப் பயந்து ஸ்காட்லாந்துக் கோட்டை ஒன்றில் ரகசியமாக அடைத்துவிட்டது. உலகம் அவர்களை மறந்துவிட்டது. மாயாவி, ஸ்பைடர் எல்லோரும் அதில் உண்டு. அவர்களைத் தேடிப் போகிறவர்களில் ஒருவன், பழைய சித்திரக் கதைகளில் பைத்தியமான ஒரு வாலிபன்!

மகள் இதைத் தேடிப் பிடித்துக் காட்டியபோது ரசிகர் முதலில் துள்ளினார். இரண்டாவது நாள் பேசவில்லை. மூன்றாவது நாள், "போதும் அம்மணி, மூடி வெச்சுரு" என்றார்.

"எதுக்குங்கப்பா? நீங்க கேட்ட கதைதானுங்களே?"

"கேட்டது மெய்தான் கண்ணு. ஆனா மாயாவியைக் கைதியாப் பார்க்கோணும்னா கேட்டேன்?"

ஒரு வாரம் கழித்து அவரே கேட்டு வாங்கி மீதியையும் படித்தார். இப்போது, தாம் படித்த சந்திப்புக் கதைகளில் சிறந்தது அதுதான் என்கிறார். "மத்த கதையில வீரனுக சண்டைக்கு வர்றாங்க. இதுல, மறந்து போனவங்களைத் தேடிட்டு வாசகன் போறான். அது நடந்த கதைதானுங்களே?" என்கிறார்.

நடந்த கதைதான். இங்கிலாந்தில் அந்த வாரப் பத்திரிகைகள் எல்லாம் எப்போதோ நின்றுபோயின. மாயாவியை அங்கே பெரும்பாலோர் மறந்துவிட்ட காலத்தில், தமிழ்நாட்டில் அவருக்கு மறுபதிப்பு வந்துகொண்டிருந்தது.

சந்தா

தமிழ்நாட்டு நிலைமை மட்டும் வாழ்கிறதா? ராணி காமிக்ஸ் 2005-ல் நின்றது. பெட்டிக் கடைக் கயிற்றில் இப்போது தொங்குவது பாக்கு, ஷாம்பு, சிப்ஸ். சிவகாசிக் காமிக்ஸ்கள் 2012-ல் நல்ல காகிதமும் வண்ணமுமாகப் புது உருவம் எடுத்தன. புத்தகக் கண்காட்சியிலும் சந்தா மூலமும் விற்கின்றன. சந்தா கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் 1980-களில் பையன்களாக இருந்தவர்கள். ஆண்டுச் சந்தா சில ஆயிரம் ரூபாய். பையன்கள் பையில் இருந்து எடுக்கும் காசு அல்ல அது.

வாசகர்களுக்குள்ளும் இரண்டு கட்சி. ஒரு கட்சி, "மாயாவியை மறுபடி போடுங்கள்" என்கிறது. மற்றது, "புதுக் கதை கொண்டு வாருங்கள்" என்கிறது. முதல் கட்சி ஜெயித்தால் அவர்களோடு கடை மூடிவிடும். இரண்டாவது கட்சி ஜெயித்தால் முதல் கட்சிக்காரர்கள் சந்தாவை நிறுத்திவிடக்கூடும். பத்திரிகை நடத்துகிறவர் பாடு திண்டாட்டம்தான்.

2025 ஆகஸ்டு 27-ந் தேதி முதல் இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. திருப்பூரில் அமெரிக்க ஆர்டர்கள் தடுமாறின. பட்டறையில் ஓவர்டைம் நின்றது. சூப்பர்மேன் டி-ஷர்ட் வாங்கும் நாட்டிலேயே வரி ஏறிவிட்டது!

அந்த மாதம் அவர் வீட்டில் கணக்குப் பார்த்தார்கள். மகள் கல்லூரிக் கட்டணம், மகன் டியூஷன், சீட்டுப் பணம். "அந்தப் புத்தகச் சந்தாவை நிறுத்தினா என்னங்க?" என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்விதான். அவர் இரண்டு நாள் யோசித்தார். ஆங்கிலப் புத்தகம் வாங்குவதை அடியோடு விட்டார். சாயங்கால பஜ்ஜியையும் விட்டார். சிவகாசிச் சந்தாவை மட்டும் விடவில்லை.

"அமெரிக்கப் புத்தகம் நான் வாங்காட்டி அவனுக்குத் தெரியாது. இங்கே நூறு பேரு நிறுத்தினா மாயாவிக்குத் தமிழ் மறந்துபோகுமுங்க" என்றார் மனைவியிடம். மனைவிக்கு அந்த வாதம் பிடித்ததாகத் தெரியவில்லை. ஆனால் பணம் கொடுத்துவிட்டார்.

பட்டறையில் அவருக்கு ஒரு கூட்டாளி உண்டு. பீகாரில் இருந்து வந்த வாலிபர். அவர் ஊரில் பையன்கள் படித்தது டில்லி 'ராஜ் காமிக்ஸ்'. நாகராஜ் என்ற பாம்பு வீரன், துருவா என்ற சர்க்கஸ் வீரன். அவர்கள் இருவரும் சேர்ந்து வந்த கதைகளும் உண்டு. சாப்பாட்டு நேரத்தில் பாதி இந்தி, பாதி தமிழ், மீதி கை ஜாடையில் கதை பரிமாறிக்கொள்கிறார்கள். நாகராஜும் ஸ்பைடரும் மோதினால் யார் ஜெயிப்பது என்ற விவகாரம் இன்னும் தீரவில்லை.

மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். சினிமாவில் இந்த வீரர்களை எல்லாம் தமிழிலேயே பார்த்துவிட்டவன். 2019-ல் வந்த அவெஞ்சர்ஸ் படத்தில் அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தது அவனுக்குத் தெரியும். அப்பாவின் பெட்டியில் இருக்கும் கறுப்பு வெள்ளைப் புத்தகங்கள் என்றால் கொட்டாவி விடுவான். அப்பாவுக்கு அந்த வருத்தம் உண்டு. வற்புறுத்துவது இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பட்டறையில் இருந்து கொண்டு வந்திருந்த கழிவுக் காகிதத்தின் பின்பக்கத்தில் பையன் ஏதோ வரைந்துகொண்டிருந்தான். அப்பா பின்னால் நின்று பார்த்தார். ஒரு பக்கம் பேட்மேன். மறுபக்கம் இரும்புக்கை மாயாவி. நடுவில் மின்னல்.

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு குனிந்து மாயாவியின் மேல் விரலை வைத்தார்.

"ஏங்கண்ணு, கரண்டு பாஞ்சிருச்சுன்னு போட்டிருக்கறே. அப்புறம் உடம்பு எப்படித் தெரியும்? கை மட்டும்தான் தெரியோணும்."

பையன் ரப்பரைத் தேடினான்.